பொட்டு வைத்த கண்

இந்தக் கதையில் ஒரே ஒரு பொய் இருக்கிறது. அது எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றதையும் நீங்கள் சந்தேகப்படுவீர்கள்.

இக்னேசியஸ் என்பது மாதா கோயிலில் கொடுத்த பெயர். லிந்துலைக்கு மேலே இருக்கும் கருங்குன்றுத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் அவன் இன்னாசி. என்னைவிடப் பத்து வயது இளையவன். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் அலோசியஸ் அந்தத் தோட்டத்து டீமேக்கர். கொழுந்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலை ஆலைக்குள், வந்ததிலிருந்து தூளாகிப் பெட்டியில் அடைபடும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. இன்னாசி அவர் கையின் கீழ் வேலை செய்தவன்.

தோட்டத்து ஜனங்கள் இன்னாசியைப் பேய்க்கண்ணன் என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அவன் கடந்து போனபிறகு, அவன் முதுகைப் பார்த்துச் சொல்வார்கள்.

முதலில் பாம்பு. 1948இல், பதினேழு வயதில், மலையில் புல்லு வெட்டுகிறவனாக அவன் பேர் பதிந்த புதிது. அடுத்த நிரையில் வேலாயி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கைய அசைக்காதீங்க."

"ஏன்டா, கொழுக்கட்டையா வச்சிருக்கேன் கையில?"

"அப்படியே நில்லுங்க. பச்சை விரியன் ஒண்ணு ஒங்க வெரலப் பாத்துக்கிட்டு இருக்கு."

வேலாயி பார்த்தாள். செடியில் இலைதான் இருந்தது. பக்கத்தில் நின்ற நாலு பெண்களும் பார்த்தார்கள். இலைதான். வேலாயி சிரிக்க வாயைத் திறந்தபோது அந்த இலைகளில் ஒன்று நாக்கை நீட்டியது.

அதற்கு அவனுக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது. பெயரைக் கெடுத்தது 1953இல் நடந்தது.

ஸ்டோரில் காம்பு பொறுக்கும் பெண்களில் மூத்தவள் ராக்காயி. காய்ந்த தேயிலைத் தூளைச் சாக்கில் பரப்பி, அதில் கிடக்கும் சிவந்த காம்புகளை விரலால் பொறுக்கி எடுப்பது அவர்கள் வேலை. காம்பு கலந்த தேயிலை கொழும்பில் விலை போகாது. ராக்காயியின் அப்பா செல்லசாமி, மேல் மலைக் காவல்காரர். தலவாக்கலையில் ஹுசைன் நானா கடையில் அவர் ஒரு பழைய பட்டாளத்துக் கோட்டு வாங்கியிருந்தார். பச்சையும் மண் நிறமுமாகத் திட்டுத்திட்டாகச் சாயம் போட்ட கோட்டு. குளிருக்கு நல்லது என்று குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதற்குள்தான் இருப்பார். ஒரு நாள் விறகுக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு நாள் நாற்பது பேர் பனிக்குள் கூவிக் கூவித் தேடினார்கள்.

மூன்றாம் நாள் காலை, கொழுந்து லொறியின் பின்னால் நின்றுகொண்டு வந்த இன்னாசி, வளைவில் பெரணி மண்டிய ஒரு பன்னச்சரிவைக் காட்டினான்.

"அந்தா ஒக்காந்திருக்காரே, செல்லசாமி தாத்தா."

லொறியை நிறுத்தினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவன் இறங்கிப் போய், பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரின் தோளைத் தொட்டபிறகுதான் அங்கே ஓர் ஆள் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரிந்தது. கண் திறந்தபடி இருந்தது. குளிரில் உயிர் போயிருந்தது. தேடியவர்களின் காலடித் தடங்கள் அவர் முழங்காலை உரசிக்கொண்டு போயிருந்தன.

ராக்காயி அழுது முடித்ததும் கேட்ட முதல் கேள்வி: "நாப்பது பேரு கண்ணுக்குத் தெரியாத எங்கப்பா, இவன் கண்ணுக்கு மட்டும் எப்படிய்யா தெரிஞ்சாரு?"

பதில் இல்லாத இடத்தில் லயத்து ஜனம் ஒரு பேயைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். செத்தவர்கள் அவனுக்குத் தெரிகிறார்கள் என்றார்கள். அவன் வரும்போது பெண்கள் மடியிலிருக்கும் குழந்தையின் முகத்தில் முந்தானையைப் போட்டார்கள். ராக்காயி அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவனோடு பேசவில்லை.

உண்மை என்னவென்று தெரிந்தவள் ஒருத்திதான்: அவன் தாய் இராசம்மா. சின்ன வயதில் அவனைப் பழுத்த மிளகாய் பறிக்க அனுப்பினால் பாதி பச்சையாகக் கொண்டுவருவான். சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்று. ஊர் சிவப்பு என்று சொல்வது அவனுக்கு மங்கல் இருட்டு. நிறம் துணைக்கு வராததால், பிறந்ததிலிருந்தே அவன் கண் விளிம்பையும் உருவத்தையும் பார்த்துப் பழகியிருந்தது. பச்சைக்குள் ஒளிந்த பச்சை நம்மை ஏமாற்றும், அவனை ஏமாற்றாது. பாம்பின் வளைவும் கோட்டின் தோளும் அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது அதனால்தான். இதெல்லாம் பிற்பாடு அவனே எனக்குச் சொன்னது.

இராசம்மா அவன் வாயை அடைத்து வைத்திருந்தாள். "வெளிய சொல்லிறாதடா. கண்ணுல கோளாறுன்னா பேர வெட்டிருவாங்க."

அந்த வருஷங்களில் பேர் வெட்டுவது என்றால் என்ன என்பதை இப்போது இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை போகும். அன்றைக்கே குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். குடியுரிமை என்று கையில் ஒரு காகிதம்கூட இல்லாதவர்கள் எங்களில் பாதிப் பேர். இறங்கிப் போகிறவனுக்கு எந்தப் பக்கம் நடப்பது என்றே தெரியாது. பேய்க்கண்ணனை வேறு எந்தக் கங்காணி சேர்த்துக்கொள்வான்?

அதனால் இன்னாசி மறைத்தான். ஸ்டோருக்கு வந்தபிறகு அது இன்னும் கஷ்டம். அரைத்த கொழுந்து தரையில் பரப்பிக் கிடக்கும்போது பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். அந்த நேரம் பார்த்து அள்ள வேண்டும். இன்னாசி குனிந்து மோந்து பார்த்தான். பச்சை வாடை போய்ப் பேரிக்காய் வாசம் வரும்போது, "ஆயிருச்சு ஐயா" என்பான். ஒரு தடவைகூடத் தவறவில்லை. "நாயா பொறக்க வேண்டியவன்" என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார்.

1961இல் மெசின் வந்தது.

தேயிலையிலிருந்து காம்பைத் தானாகப் பிரிக்கும் மெசின். மூன்று மாதம் வைத்துப் பார்க்கச் சொல்லித் தோட்டத்தை நடத்தும் தொரையின் சிநேகிதர் யாரோ அனுப்பியது. பீரோ உயரம். உச்சியில் போட்ட தேயிலை, சரிவான தகரத்தில் ஒற்றை வரிசையாக வழுக்கி, ஒரு கறுத்த பெட்டிக்கு முன்னால் விழும். பெட்டியின் முகத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிகள், பக்கம் பக்கமாக. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டுக்கும் மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், மூன்றாவதாக ஒரு வெள்ளைக் கண்ணாடி. அதற்குப் பின்னால்தான் விளக்கு. நல்ல தேயிலை நேராகக் கீழே போகும். காம்பு வந்தால் பக்கத்துக் குழாயிலிருந்து 'ப்ஸ்' என்று ஒரு காற்று வந்து அதை மட்டும் தட்டி விடும்.

நான் அதைப் பார்த்துவிட்டு வந்து, காம்பு பொறுக்கும் பெண்களிடம் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை சொன்னேன். கப்பலில் செத்த ஒரு வெள்ளைக்காரனின் கண்ணைப் பெயர்த்து உள்ளே வைத்திருக்கிறார்கள், அவன் உயிரோடு இருந்தபோது தேயிலை ருசி பார்க்கிறவன் என்று. வேடிக்கைக்குத்தான். மறுநாள் அந்த மெசின் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்கவில்லை.

"ரெண்டு கண்ணும் ரெண்டு நெறம். நெத்தியில வேற ஒண்ணு முழிக்குது. நான் மாட்டேன்" என்றாள் அம்மாக்கண்ணு.

"பேய்க்கண்ணன உக்கார வைங்கய்யா," ராக்காயி சொன்னாள். "பேயும் பேயும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அப்படித்தான் சிவப்புத் தெரியாத ஒருவன் சிவப்பைப் பிடிக்கும் மெசினுக்குக் காவலாக உட்கார்ந்தான். தினமும் காலையில் ஒரு பிடி தேயிலையில் நூறு காம்பைக் கலந்து போட்டு, எத்தனை தட்டுகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. காம்பு எது, இலை எது என்று அவன் விரலால் தடவிக் கண்டுபிடித்தான். முதல் வாரம் இரவில் தூக்கமே இல்லை என்று பிறகு சொன்னான்.

மெசினைப் பொருத்திக் கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த என்ஜினியர் கிளம்பும்போது என் வீட்டுக்காரருக்கு அதன் சூட்சுமத்தை விளக்கினார். இன்னாசி பக்கத்தில் துணி வைத்துத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"இதுக்குக் கலர் எல்லாம் தெரியாது மிஸ்டர் அலோசியஸ். உள்ள ரெண்டு குழாய் இருக்கு. வெளிச்சம் பட்டா கரண்ட் வரும். நிறைய வெளிச்சம், நிறைய கரண்ட். அவ்வளவுதான் அதோட அறிவு. ஆனா ஒண்ணுக்கு முன்னால சிவப்புக் கண்ணாடி, ஒண்ணுக்கு முன்னால பச்சை. சிவப்புக் காம்பு வந்தா, சிவப்புக் கண்ணாடி வழியா வெளிச்சம் போகும், பச்சைக் கண்ணாடி வழியா போகாது. தராசு ஒரு பக்கம் சாயும். சாஞ்சா ஊதும். கறுப்பு இலை வந்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கல். ஊதாது."

"அப்ப இது குருடா?"

"கலர்க் குருடு. ரெண்டு மங்கலை ஒப்பிட்டுப் பாக்குது, அவ்வளவுதான்."

இன்னாசியின் கையிலிருந்த துணி நின்றுவிட்டது. என்ஜினியர் கூடுதலாக இரண்டு கண்ணாடிச் சில்லுகளை மேசை லாச்சியில் வைத்துவிட்டுப் போனார், உடைந்தால் மாற்றுவதற்கு. அன்று மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனபிறகு, இன்னாசி அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துப் பார்த்தான். சிவப்புச் சில்லு வழியாகக் காம்பு வெளிறித் தெரிந்தது. பச்சைச் சில்லு வழியாக அதே காம்பு கறுத்துப் போனது. இலை இரண்டிலும் அப்படியே இருந்தது. முப்பது வயதில், முதல் தடவையாக, ஊர் பார்க்கிற வித்தியாசத்தை அவன் பார்த்தான். அழுதானாம். அதற்கப்புறம் சில்லுகளைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

சரஸ்வதி பூசை வந்தது. ஸ்டோரில் அன்றைக்கு ஒரு சக்கரமும் சுற்றாது. ரோலர், சல்லடை, அடுப்பு, எஞ்சின், சாவிக்கொத்து முதற்கொண்டு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ராக்காயி காலையிலேயே என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் நல்லெண்ணெய் குடுங்க. குங்குமம் தூளா வச்சா இரும்புல நிக்க மாட்டேங்குது."

வேதக்காரி வீட்டு எண்ணெய் பூசைக்கு ஆகுமா என்று நான் கேட்டேன். "ஒட்டினா சரிதான்" என்றாள்.

மறுநாள் வேலை துவங்கும் நாள். பத்து மணிக்குத் தொரை மெசினைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். சரியாக நடந்தால் இன்னாசியின் பேர் மெசின்காரனாக ஸ்டோர் பதிவில் நிரந்தரமாக ஏறும். இல்லையென்றால் மெசினும் போகும், அதைக் கெடுத்தவனும் போவான் என்று தொரை முன்பே சொல்லியிருந்தார்.

ஒன்பதரை மணிக்கு இன்னாசி விசையைப் போட்டான். தேயிலை இன்னும் போடவில்லை. சரிவு வெறுமையாக இருந்தது.

'ப்ஸ்.'

அவன் திரும்பிப் பார்த்தான்.

'ப்ஸ்... ப்ஸ்... ப்ஸ்...'

ஒன்றுமே விழாத இடத்தில் மெசின் ஊதிக்கொண்டிருந்தது. தூங்குகிறவன் மூச்சு விடுவது போல, ஒரே சீராக. சாக்கு விரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். வெளியே பனி ஜன்னல் கண்ணாடியை மூடியிருந்தது. அந்த மூச்சைத் தவிர ஸ்டோரில் வேறு சத்தமே இல்லை.

அம்மாக்கண்ணுதான் முதலில் குனிந்து பார்த்தாள். "ஐயோ! நெத்திக்கண்ணு செவந்திருச்சு! ரத்தமா இருக்கு!"

பெண்கள் வாசல் வரை ஓடிவிட்டார்கள். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்தார். நானும் பின்னால் போனேன், போகாமல் இருப்பேனா?

"என்னடா இன்னாசி?"

"வெளக்கு அணைஞ்சு போச்சுங்கய்யா. அதான் மெசின் தடுமாறுது."

என் வீட்டுக்காரர் பெட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தார். அங்கே எல்லாம் சிவப்பாக, அடுப்புத் தணல் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்பு அவர் முகத்திலும் பட்டது.

"அணைஞ்சு போச்சா? செக்கச்செவேல்னு எரியுதேடா!"

இன்னாசி முகத்தில் விழுந்த சிவப்பை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவனுக்கு மட்டும் அது தெரியவில்லை. 'ப்ஸ்... ப்ஸ்...'

"இன்னாசி," என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இந்தா, அந்தப் பூசைத் தட்டுல வெத்தலையும் இருக்கு, செம்பரத்தம் பூவும் இருக்கு. நெறம் சொல்லு பாப்போம்."

இன்னாசி தட்டைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துப் பிரித்தான். பச்சைச் சில்லைக் கண்ணில் வைத்து விளக்கைப் பார்த்தான். பிறகு சிவப்புச் சில்லை வைத்துப் பார்த்தான். பச்சையில் வெறும் இருட்டு, சிவப்பில் மட்டும் மங்கலாக ஒரு வெளிச்சம்.

"வெளக்கும் சரி, மெசின் கண்ணும் சரிங்கய்யா," என்றான் மெதுவாக. "நடுவுல யாரோ நிக்கிறாங்க."

வாசலில் ஒருத்தி 'முருகா' என்றாள்.

அவன் பெட்டிக்கு முன்னால் கையை நீட்டி நெற்றிக் கண்ணாடியை ஒரு விரலால் தடவினான். விரலை மூக்கில் வைத்தான்.

"நல்லெண்ணெய். குங்குமம்."

எல்லோரும் ராக்காயியைப் பார்த்தார்கள்.

"நான்தான்யா வச்சேன்," என்றாள் ராக்காயி. "செத்தவன் கண்ணுன்னு சொன்னாங்க. பொட்டு வச்சாச் சாந்தமாகும்னு நெனச்சேன். கண்ணுலயா வைப்பாங்க, நெத்தியிலதான வச்சேன்!"

நெற்றி என்று அவள் நினைத்தது விளக்கின் வாய். சூட்டில் எண்ணெய் உருகி, குங்குமம் கண்ணாடி முழுக்க மெல்லிய படலமாகப் பரவியிருந்தது. உள்ளே விழுந்த வெளிச்சமே சிவப்பு. சிவப்பு வெளிச்சத்தில் எந்தப் பொருளும் சிவப்புத்தான். தேயிலை விழும் இடத்துக்குப் பின்னால் இருந்த கறுப்புத் தகடுகூட மெசினுக்குக் காம்பாகத் தெரிந்தது. பச்சைக் குழாய்க்கு ஒன்றும் போகவில்லை. தராசு ஒரே பக்கம் சாய்ந்து நின்றது. அதனால் வெறும் காற்றை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. அன்று மாலை இதை இன்னாசி எங்கள் வீட்டு மேசையில் ஒரு குப்பி விளக்கும் இரண்டு சில்லும் வைத்துக் காட்டினான்.

அவன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். மூச்சு நின்றது.

"எப்ப இருந்து?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பொறந்ததுல இருந்துங்க."

"பத்து வருஷமா என்கிட்ட மறைச்சியா?"

"பேர வெட்டிருவீங்கன்னு..."

"கொழுந்து பாத்ததெல்லாம்?"

"மோந்துதான்."

என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் மெசினைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். என் பக்கமும் ஒரு பார்வை வந்தது. செத்த வெள்ளைக்காரன் கதை யார் கட்டியது என்று அவருக்குத் தெரியும். வெளியே தொரையின் ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது.

தொரை வந்தார், நின்றார், பார்த்தார். நூறு காம்பில் தொண்ணூற்று நாலைத் தட்டியது மெசின். யார் இதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். என் வீட்டுக்காரர் இன்னாசியை முன்னால் தள்ளினார்.

"கண் நல்ல கண்ணா?" என்று தொரை இங்கிலீஷில் கேட்டார்.

"இந்த மெசின் எப்படிப் பார்க்குமோ அப்படியே பார்க்கிறவன், சார்," என்றார் என் வீட்டுக்காரர். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அந்த மாதமே பேர் ஏறியது. இராசம்மா லயத்து வாசலில் மெழுகுவத்தி கொளுத்தினாள்.

மூன்று மாதம் என்று வந்த மெசின் இரண்டு வருஷம் இருந்தது. அடிக்கடி ஏதாவது உடையும். உடைந்ததைச் சரிசெய்ய ஆள் வராது. ராக்காயியும் மற்றவர்களும் பழையபடி சாக்கில் உட்கார்ந்து பொறுக்குவார்கள். கடைசியில் தொரை அலுத்துப்போய் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். இன்னாசியை யாரும் அனுப்பவில்லை. கொழுந்து மோந்து பார்க்கிறவனாக அவன் 1965இலும் அங்கேதான் இருந்தான்.

மெசினை ஏற்றுவதற்கு முதல் நாள் மத்தியானம், ராக்காயி தன் மகள் வயிற்றுப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள். அப்பா பெயரையே வைத்திருந்தார்கள்: செல்லசாமி. கதவுக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். மெசின் கடைசி ஓட்டம் ஓடி முடித்து, விசை நிறுத்தாமல், சும்மா நின்றது. ராக்காயி இன்னாசியின் முன்னால் வந்து, குழந்தை முகத்திலிருந்த முந்தானையை எடுத்தாள்.

"பாரு தம்பி. நல்லாப் பாரு."

பத்து வருஷத்துக்குப் பிறகு ஒரு குழந்தையை அவனுக்குக் காட்டினார்கள். இன்னாசி சிரித்துக்கொண்டே சிவப்புச் சில்லைக் கண்ணில் வைத்துக் குழந்தையைப் பார்த்தான். பிறகு சில்லை எடுத்துவிட்டு, அவள் தோளுக்கு மேலே, வாசலுக்கு வெளியே பார்த்தான். சிரிப்பு நின்றது.

"தாத்தாவையும் கூட்டிக்கிட்டு வந்தீங்களா, அக்கா?"

"எந்தத் தாத்தா?"

"அந்தா. வேலி ஓரம். கோட்டு போட்டுக்கிட்டு."

நான் பார்த்தேன். தேயிலைச் செடியும், செடிமேல் பனியும்தான் இருந்தது. வெறும் பச்சை. விளையாடுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியும். பொய் சொல்கிற முகமும் தெரியும். அது அந்த முகமில்லை.

ராக்காயி ஓடவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசலை விட்டு ஓர் ஓரமாக நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம் விட்டாள்.

"வாங்கப்பா உள்ள," என்றாள். "இன்னும் பனியிலயே நிக்கிறீங்களே."

தேயிலை எதுவும் விழாத சரிவில் மெசின் ஒரே ஒரு தடவை 'ப்ஸ்' என்றது.